கையடக்க டிஜிட்டல் டைரி வாங்குவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு மின்னணுக் குறிப்பேடு இருக்கும். கான்கிரீட் போட்ட தேதி, மேஸ்திரிக்குக் கொடுத்த முன்பணம், ஜல்லி லோடு கணக்கு, வீட்டுக்காரரின் தொலைபேசி எண் எல்லாம் அதில்தான். அதைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இருபது ஆண்டுகளாக ஏறக்குறைய மாறவே இல்லை. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நம் ஊரில் இதற்கு டிஜிட்டல் டைரி என்று பெயர். ஆர்கனைசர், பி.டி.ஏ. என்றும் சொல்வார்கள். மூன்றும் ஒரே வேலைக்கான கருவிகள்தான்.

கைபேசி இருக்கும்போது தனியாக இன்னொன்று எதற்கு?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. கைபேசியிலேயே நாள்காட்டி இருக்கிறது, குறிப்பேடு இருக்கிறது, அலாரம் இருக்கிறது. அவற்றை நீங்கள் ஒழுங்காகப் பயன்படுத்தி வருகிறீர்கள் என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

என் அனுபவம் வேறு. எம்-சாண்ட் லோடு வந்து இறங்கும்போது எண்ணிக்கையைக் குறிக்கக் கைபேசியை எடுப்பேன். அதற்குள் ஒரு செய்தி வந்திருக்கும். அதைப் படிப்பேன், பதில் எழுதுவேன், இன்னொருவர் அழைப்பார். ஐந்து நிமிடம் கழித்துக் கைபேசி பைக்குத் திரும்பிவிடும். லோடு எண்ணிக்கை எழுதப்பட்டிருக்காது. இப்படி ஒரு மாதத்தில் மூன்று முறை நடந்த பிறகுதான் தனிக் கருவிக்குத் திரும்பினேன். என்னுடைய கருவியில் அழைப்பு வராது, செய்தி வராது. திறந்தால் குறிப்பேடு, மூடினால் முடிந்தது.

நிறையக் கையால் எழுதுகிறவர்கள், வெயிலில் நின்று திரையைப் படிக்க வேண்டியவர்கள், பிள்ளைகளின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டுத் தங்கள் குறிப்புகளைத் தேடுகிறவர்கள் ஆகியோருக்கும் தனிக் கருவி உதவும். கைபேசிக்குத் தடை உள்ள இடத்தில் வேலை செய்கிறீர்களா? இந்தக் கருவிக்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கேமரா இல்லை, சிம் இல்லை என்று வாயிற்காவலரிடம் விளக்கிக்கொண்டிருப்பது வீண்.

செலவில்லாமல் முயன்று பார்க்க வழி உண்டா?

உண்டு. எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய கைபேசியை எடுத்து, சிம் அட்டையைக் கழற்றிவிடுங்கள். நாள்காட்டி, குறிப்பு, கால்குலேட்டர் தவிர மற்ற எல்லாச் செயலிகளையும் நீக்கிவிட்டு, இணைப்பைத் துண்டித்து ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டவர்களில் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

என் தேவை என்ன என்பதே எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

ஒரு பாக்கெட் நோட்டில் தொடங்குங்கள். ஒரு வாரம் அதைச் சட்டைப் பையில் வைத்து, நினைவில் வைக்க வேண்டியது எதுவானாலும் அதிலேயே எழுதுங்கள். எப்படி எழுதுகிறோம் என்று யோசிக்காமல் எழுத வேண்டும். வாரக் கடைசியில் உட்கார்ந்து, எழுதியதை வகை பிரியுங்கள்.

நான் அப்படிச் செய்தபோது கிடைத்ததைச் சொல்கிறேன். அந்த வாரம் எழுதிய குறிப்புகளில் பாதிக்கு மேல் எண்கள்: கூலி, லோடு, அளவு. அடுத்தபடியாகத் தேதிகள். தளம் போட்ட நாளிலிருந்து 14 நாள் எண்ணி, சென்ட்ரிங் பிரிக்கும் தேதியைக் குறித்திருந்தேன். படிக்கட்டின் வளைவைக் காட்டும் கிறுக்கல் படங்கள் நான்கு. முழு வாக்கியமாக எழுதியது ஒன்றே ஒன்று, அதுவும் மின்வாரியத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரி. நான் அதுவரை நல்ல விசைப்பலகை உள்ள கருவிக்காக அலைந்துகொண்டிருந்தேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு விசைப்பலகை தேவையே இல்லை என்று புரிந்தது.

உங்கள் நோட்டில் வேறு கணக்கு வரும். பக்கம் பக்கமாக வாக்கியங்கள் இருந்தால் விசைப்பலகை உள்ள கருவியைப் பாருங்கள். படமும் அம்புக்குறியுமாக இருந்தால், காகிதம்போலத் தெரியும் மின்மைத் திரையில் பேனாவால் எழுதும் இ-இங்க் கருவி. பெயர், எண், தேதி மட்டும் என்றால் மிக எளிய கருவியே போதும். அதே நோட்டை எத்தனை முறை திரும்பப் புரட்டினீர்கள் என்பதையும் பாருங்கள். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காதவருக்கு அலாரம் அடிக்கும் கருவி வேண்டும். அடிக்கடி புரட்டுகிறவருக்குத் தேடும் வசதி வேண்டும்.

அளவு எப்படி இருக்க வேண்டும்?

பாம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதல் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கும் முன் அதே அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து அதில் எழுதுவதுபோலப் பாவனை செய்வார். நீங்களும் செய்யலாம். வாங்க நினைக்கும் கருவியின் நீளம், அகலம், தடிமன் பார்த்து அட்டைகளை ஒட்டி ஒரு கட்டை செய்து, இரண்டு நாள் பையில் வைத்துப் பாருங்கள். குனியும்போது விழுகிறதா, பஸ்ஸில் நெரிசலில் குத்துகிறதா, பெண்களின் கைப்பையில் சாவிக்கொத்தோடு உரசுகிறதா என்பதை விவரத்தாள் சொல்லாது, கட்டை சொல்லிவிடும்.

கட்டையோடு எடையையும் சேர்த்துப் பாருங்கள். விசைப்பலகை உள்ள சயான் நிறுவனத்தின் சீரிஸ் 5 என்ற பழைய கருவி பேட்டரியோடு சுமார் 350 கிராம். மெல்லிய பருத்திச் சட்டையின் பை தொங்கிவிடும்.

என்னென்ன வகைகள் கிடைக்கின்றன?

முதல் வகை பட்டன் வைத்த டிஜிட்டல் டைரி. காசியோ 1980களிலேயே இதைச் செய்யத் தொடங்கியது. 1990களில் நம் ஊரில் பலரும் முதலில் பார்த்தது இந்த வகையைத்தான். பெயர், எண், ஒரு சிறு குறிப்பு, அலாரம், கால்குலேட்டர். வேகமானது, மலிவானது. அதில் போட்டதை வெளியே எடுப்பதுதான் கடினம்.

இரண்டாவது, திரையில் கோலால் எழுதும் பாம் வகை. 1996இல் பைலட் 1000, பைலட் 5000 என்று இரண்டு மாடல்களோடு தொடங்கியது. 160க்கு 160 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, நினைவகம் பைலட் 1000இல் 128 கிலோபைட். இன்று ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாத அந்த இடத்தில் நூற்றுக்கணக்கான முகவரிகள் அடங்கின. புதிதாக இப்போது யாரும் செய்வதில்லை, பழையதுதான் கிடைக்கும்.

மூன்றாவது, மடக்கித் திறக்கும் விசைப்பலகைக் கருவிகள். இங்கிலாந்தின் சயான் நிறுவனம் 1984இல் ஆர்கனைசர் என்ற பெயரிலேயே ஒரு கருவியை வெளியிட்டது. 1991இல் வந்த சீரிஸ் 3, 1997இல் வந்த சீரிஸ் 5 ஆகியவைதான் இந்த வகையின் சிகரங்கள். அதன் வழித்தோன்றலாக 2018இல் ஜெமினி என்ற ஆண்டிராய்டு கருவி லண்டனிலிருந்து வந்தது. சயான் 5-ஐ வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்டுதான் அதையும் வடிவமைத்தார்.

நான்காவது, இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் இ-இங்க் குறிப்பேடுகள்: ரீமார்க்கபிள், சூப்பர்நோட், பூக்ஸ், கிண்டில் ஸ்கிரைப். இவற்றில் பல கையில் பிடிக்கலாம், பையில் அடங்காது.

இவ்வளவு வகை இருக்கிறதே, எதை அளவுகோலாக வைத்துத் தேர்வது?

இரண்டு பாதைகளைப் பாருங்கள். ஒரு செய்தி உங்கள் மனத்திலிருந்து கருவிக்குள் போகும் பாதை ஒன்று. கருவி கெட்டால் அந்தச் செய்தி வெளியே வரும் பாதை இன்னொன்று. மெமரி எவ்வளவு, திரையில் எத்தனை வண்ணம் என்பதெல்லாம் எனக்கு இவற்றுக்குப் பிறகுதான்.

உள்ளே போகும் பாதையைக் கடிகாரம் வைத்து அளக்கலாம். கருவியைப் பையிலிருந்து எடுத்து, நாளை காலை 10 மணிக்குப் பிளம்பர் வருகிறார் என்று பதிந்து, திரும்பப் பையில் வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது? பழைய பாம் கருவியில் நாள்காட்டிப் பட்டனை அழுத்தினால் அணைந்திருக்கும் கருவி நேரே நாள்காட்டியில் விழித்துக்கொள்ளும். எனக்கு மொத்தம் பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரு நிமிடம் ஆகிற கருவியில் நீங்கள் இரண்டு வாரத்துக்குப் பிறகு எதையும் எழுத மாட்டீர்கள்.

வெளியே வரும் பாதையைக் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: இதில் உள்ள எல்லா எண்களையும் ஒரே கோப்பாகக் கணினிக்கு எடுக்க முடியுமா? அந்தக் கோப்பை இன்னொரு நிறுவனத்தின் கருவி படிக்குமா? எங்கள் செயலியில் மட்டும் திறக்கும் என்று பதில் வந்தால் யோசியுங்கள். எண்களுக்கு வி-கார்டு, தேதிகளுக்கு ஐ-கேலண்டர், குறிப்புகளுக்கு வெறும் உரைக்கோப்பு, கையெழுத்துக்கு பி.டி.எஃப். இந்த நான்கு பொதுக் கோப்பு வகைகளில் உங்களுக்கு வேண்டியது வெளிவருமானால் கருவி மாறினாலும் குறிப்புகள் உங்களோடு வரும்.

பேட்டரி விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

1990களின் கடைசியில் என் அப்பா ஒரு டிஜிட்டல் டைரி வைத்திருந்தார். ஏறக்குறைய இருநூறு எண்களை அதில் பதிந்திருந்தார். சின்னப் பட்டன்களைப் பேனா முனையால் அழுத்தி, பல இரவுகள் உட்கார்ந்து செய்த வேலை. திரை மங்கியபோது ஒரு கடிகாரக் கடைக்குக் கொடுத்தார். உள்ளே இரண்டு பட்டன் செல்கள் இருந்தன: ஒன்று கருவியை ஓட்ட, மற்றது நினைவகத்தைக் காக்க. கடைக்காரர் நல்லெண்ணத்தோடு இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றி, துடைத்து, புதிதாகப் போட்டுக் கொடுத்தார். கருவி பளிச்சென்று எரிந்தது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை. அப்பா அதன் பிறகு ஒரு மாதம் பழைய கடிதங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு எண்களைத் தேடிச் சேர்த்தார். அவர் கோபப்படவில்லை. அமைதியாக இருந்தார், அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆகவே முதல் கேள்வி: பேட்டரி முற்றிலும் தீர்ந்தால் குறிப்புகள் அழியுமா? பழைய பாம் கருவிகளில் அழியும். ரிமோட்டில் போடும் மெல்லிய பென்சில் பேட்டரி இரண்டைக் கழற்றிய பிறகு, ஒரு நிமிடம் அளவுக்குத்தான் நினைவகம் தாக்குப்பிடிக்கும். புதிய பேட்டரிகளைக் கையில் பிரித்து வைத்துக்கொண்ட பிறகே பழையதை எடுக்க வேண்டும். பாமின் பிற்கால மாடல்களான, 2004இல் வந்த டங்ஸ்டன் டி5, 2005இல் வந்த டங்ஸ்டன் ஈ2, டி.எக்ஸ்., இசட்22 ஆகியவற்றில் இந்தக் கவலை இல்லை. பேட்டரி செத்தாலும் குறிப்புகள் இருக்கும். சயான் 5இல் இரண்டு சாதாரண பென்சில் பேட்டரியோடு, காவலாக ஒரு பட்டன் செல்லும் உண்டு. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே மாற்ற வேண்டும்.

இரண்டாவது கேள்வி: பேட்டரியை நானே மாற்ற முடியுமா? கிராமத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓடும் கருவி, முப்பது ஆண்டு கழித்தும் ஓடும். உள்ளே ஒட்டி மூடப்பட்ட பேட்டரி உள்ளவை அப்படியில்லை. 1999இல் வந்த பாம் வி பார்க்க மிக அழகான கருவி. ஆனால் அதன் உறை பசை போட்டு ஒட்டப்பட்டது. சூடேற்றிப் பிரித்தால்தான் பேட்டரியை மாற்ற முடியும். இன்றைய இ-இங்க் கருவிகளில் சூப்பர்நோட் நோமேட் மாடலில் பின்மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன்.

பாம் கருவியில் கையால் எழுதினால் புரிந்துகொள்ளுமா?

உங்கள் கையெழுத்தைப் புரிந்துகொள்ளாது. அதனுடைய எழுத்தை நீங்கள் கற்க வேண்டும். 1993இல் ஆப்பிள் வெளியிட்ட நியூட்டன் என்ற கருவி, எழுதுபவரின் கையெழுத்தைத் தானே கற்க முயன்று தடுமாறியது. பாம் அதைத் தலைகீழாக்கியது. கிராஃபிட்டி என்ற முறையில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் கோலை எடுக்காமல் ஒரே கீற்று. ஏ என்றால் குறுக்குக்கோடு இல்லாத கூரை. டி (T) என்றால் மேலே ஒரு படுக்கைக்கோடு, அதன் வலது முனையிலிருந்து கீழே இறக்கம். திரைக்குக் கீழே உள்ள சதுரத்தின் இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண்.

ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பல ஆண்டுகள் கழித்து நான் மறுபடி கோலை எடுத்தபோதும் கை மறக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: ஜெராக்ஸ் நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்கின் விளைவாக 2003 முதல் கிராஃபிட்டி 2 என்ற வேறு முறை வந்தது. சில எழுத்துகளுக்கு அதில் இரண்டு கீற்று வேண்டும். பழைய முறை பழகியவர்கள் 2003க்கு முந்தைய மாடலையே தேடுங்கள்.

தமிழில் எழுத முடியுமா?

பழைய கருவிகளில், நேராக முடியாது. பாம், சயான் இரண்டும் ஆங்கிலம் போன்ற ஐரோப்பிய மொழிகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் பதிய வேண்டும். அப்போது ஒரு சிக்கல் வரும். சண்முகம் என்ற பெயரை ஒரு நாள் எஸ் மட்டும் போட்டுத் தொடங்குவீர்கள், இன்னொரு நாள் எஸ்-எச் போட்டுத் தொடங்குவீர்கள். பழனிக்கு ஒரு நாள் எல், ஒரு நாள் இசட்-எச். தேடும்போது கிடைக்காது, இல்லை என்று நினைத்து மறுபடி பதிவீர்கள். முதல் நாளே ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள். நான் ழகரத்துக்கு எப்போதும் இசட்-எச், சண்முகம் போன்ற பெயர்களின் சகரத்துக்கு எப்போதும் எஸ்-எச். அந்த விதியையே கருவியின் முதல் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன்.

தமிழ் கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு வழிகள். பேனாவால் எழுதும் இ-இங்க் கருவியில் நீங்கள் எழுதுவது கோடுகளாகவே சேமிக்கப்படுவதால் எந்த மொழியிலும் எழுதலாம். ஆனால் அந்தத் தமிழ்க் கையெழுத்தைத் தேடித் தரும் வசதி உண்டா என்பதைக் கடையிலேயே எழுதிச் சோதியுங்கள். ஆங்கிலத்துக்கு வேலை செய்வது தமிழுக்கும் செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டாவது வழி ஆண்டிராய்டில் ஓடும் கருவி. பூக்ஸ், ஜெமினி போன்றவற்றில் செல்லினமோ கூகுளின் ஜிபோர்டோ ஆகிய விசைப்பலகைச் செயலிகளில் ஒன்றை நிறுவித் தமிழில் தட்டச்சு செய்யலாம். ஜிபோர்டில் விரலால் தமிழ் எழுதி எழுத்தாக மாற்றும் வசதியும் உண்டு. தமிழ்99 என்ற விசைப்பலகை முறை பழகியவர்கள் திரை விசைப்பலகையோடு நின்றுவிடாமல், கருவியின் சொந்த விசைப்பலகையிலும் அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பாம் வாங்குவதென்றால் எந்த மாடல்?

எளிமை வேண்டுவோருக்கு பாம் III எக்ஸ்.ஈ. அல்லது எம்105. இரண்டிலும் 8 மெகாபைட் நினைவகம், இரண்டும் மெல்லிய பென்சில் பேட்டரியில் ஓடுபவை. வண்ணத் திரையும் நினைவு அட்டையும் வேண்டுவோருக்கு டங்ஸ்டன் ஈ2. டி.எக்ஸ். மாடலில் வைஃபை இருக்கிறதே என்று மயங்காதீர்கள். இன்றைய இணையதளங்கள் அதில் திறக்காது.

வாங்கும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பாம் நாள்காட்டி 2031 டிசம்பர் 31 வரைதான் போகும். ஆண்டை 1904இலிருந்து எண்ணி, ஏழு பிட்டுகளுக்குள் அடக்கிவைத்த முறையால் வந்த எல்லை இது. காப்பீட்டு முதிர்வுத் தேதி, வங்கிக் கடன் முடியும் தேதி போன்ற நீண்ட காலக் கணக்குகளை இப்போதே அதில் வைக்க முடியாது.

கணினியோடு இணைப்பதும் இப்போது எளிதல்ல. பாமின் சொந்த மென்பொருளில் 64 பிட் விண்டோஸுக்கான யு.எஸ்.பி. ஆதரவு வரவே இல்லை. புளூடூத் உள்ள மாடல் என்றால் அந்த வழியில் முயலலாம். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு ஜே-பைலட் என்ற இலவச மென்பொருள் உண்டு, நான் பயன்படுத்துவது அதுதான்.

சயான் வாங்கலாமா?

நிறைய எழுதுகிறவர் என்றால் தயங்காமல் தேடுங்கள். சீரிஸ் 5-ஐத் திறக்கும்போது விசைப்பலகை முன்னால் நழுவி வர, திரை பின்னால் சாய்ந்து பேட்டரி உருளையின்மேல் அமரும். அதனால் திரையைத் தொட்டாலும் கருவி பின்னால் சாயாது. பத்து விரலாலும் தட்டச்சு செய்யலாம். பென்சில் பேட்டரி இரண்டில் நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் சில வாரங்கள் ஓடும். எழுதியதை உரைக்கோப்பாக மாற்றி, காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற நினைவு அட்டையில் போட்டால், அட்டை ரீடர் வழியாக இன்றைய கணினியும் படிக்கும். அதாவது வெளியே வரும் பாதை இன்றும் திறந்தே இருக்கிறது.

ரெவோ மாடலை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். சிறியது, அழகானது, ஆனால் உள்ளே பொதிந்த ரீசார்ஜ் பேட்டரி. பல ஆண்டுகள் சும்மா கிடந்த ரெவோவில் அது உயிரோடு இருக்க வாய்ப்பு குறைவு.

பழைய கருவியைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது எதைச் சோதிப்பது?

உங்கள் சொந்தப் புது பேட்டரியோடு போங்கள். விற்பவர் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று சொன்னால் அதோடு சோதனை நின்றுவிடக் கூடாது.

முதலில் பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். ஸ்பிரிங் அரித்து மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

பாம் என்றால் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரே கோடு இழுங்கள். கோடு நடுங்கினாலோ, கோல் தொடும் இடமும் புள்ளி விழும் இடமும் விலகியிருந்தாலோ அமைப்பில் போய்த் திரையைச் சீரமைத்துப் பாருங்கள். அதன் பிறகும் விலகினால் திரை தேய்ந்திருக்கிறது. எழுதும் சதுரத்தில் கீறல் எவ்வளவு என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கருவியைக் கணினியோடு இணைக்க அதை வைக்கும் தாங்கி அந்த மாடலுக்கு உரியதா என்பதும் முக்கியம். III வரிசைக்கு ஒன்று, வி வரிசைக்கு வேறொன்று, எம்500 வரிசைக்கு இன்னொன்று. மாற்றி வைத்தால் பொருந்தாது.

சயான் 5 என்றால் மெதுவாகப் பத்து முறை திறந்து மூடுங்கள், கண் திரையிலேயே இருக்கட்டும். கோடுகள் தோன்றினாலோ, ஒரு கோணத்தில் மட்டும் படம் மறைந்தாலோ, திரைக்குப் போகும் நாடா வயர் விரிசல் விட்டிருக்கிறது. இந்த மாடலின் தீராத நோய் அது. வெளிப்புற ரப்பர் பூச்சு பிசுபிசுத்தால் பயப்பட வேண்டாம். பழைய பூச்சு வயதாகி இளகியிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தால் வந்துவிடும்.

கடைசியாக, கருவியை அணைத்து ஐந்து நிமிடம் விற்பவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள். நேரம் சரியாக ஓடியிருக்க வேண்டும்.

இ-இங்க் குறிப்பேடுகள் டிஜிட்டல் டைரிக்கு மாற்றாகுமா?

எழுத்துக்கு ஆகும், அலாரத்துக்குச் சந்தேகம். வெயிலில் அச்சுத்தாள் போலத் தெரியும், கண் உறுத்தாது, எழுதும்போது காகிதத்தில் உரசும் உணர்வு கிடைக்கும். ரீமார்க்கபிள் 2, கிண்டில் ஸ்கிரைப் போன்றவற்றின் பேனாவுக்குச் சார்ஜ் தேவையில்லை. ஆனால் திரை மெதுவாக மாறும், முந்தைய பக்கத்தின் நிழல் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கும்.

ரீமார்க்கபிள் 2இன் திரை 10.3 அங்குலம், தோள்பைக்கு உரியது. சூப்பர்நோட் நோமேட் 7.8 அங்குலம், பெரிய சட்டைப் பைக்கும் சற்று மிஞ்சும். 2023இல் வந்த பூக்ஸ் பால்மா கைபேசி அளவுதான், பையில் நன்றாக அடங்கும். ஆனால் அதில் பேனா எழுத்து இல்லை. ஆண்டிராய்டு என்பதால் நாள்காட்டி, அலாரம் எல்லாம் உண்டு. கூடவே கைபேசியின் கவனச்சிதறலும் வந்துவிடாமல் காப்பது உங்கள் பொறுப்பு.

இந்தியத் தயாரிப்பு எதுவும் வரவில்லையா?

வந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து பெங்களூரில் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். லினக்ஸில் ஓடியது, இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்தது. ஸ்மார்ட் கார்டு வைத்து ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா என்ற பெயரில் சந்தைக்கு வந்தும் பரவவில்லை. நம் மொழியைத் தொடக்கத்திலிருந்தே மனத்தில் வைத்துச் செய்த கருவி அது. தோற்றதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வங்கி ரகசிய எண்களை இதில் வைக்கலாமா?

வேண்டாம். பழைய கருவிகளின் கடவுச்சொல் பூட்டு, அருகில் இருப்பவர் எட்டிப் பார்ப்பதைத் தடுக்கும். நுட்பம் தெரிந்தவர் திறப்பதைத் தடுக்காது.

வயதான பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

அவர்கள் கேட்டால் மட்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தளவு, காதுக்குக் கேட்கும் அலாரம் இரண்டையும் அவர்களையே வைத்துச் சோதியுங்கள். பழைய பாம் திரையின் சாம்பல் எழுத்து அறுபதைக் கடந்த கண்ணுக்குச் சிரமம். மாத்திரை நேரத்தை நினைவூட்டத்தான் வேண்டும் என்றால், நான்கு அலாரம் வைக்கும் சாதாரணக் கடிகாரம் இதைவிட நன்றாக உதவும்.

வீட்டில் ஒரு பழைய டிஜிட்டல் டைரி கிடைத்தது. உள்ளே எண்கள் இருக்கலாம். எப்படி மீட்பது?

திரையில் இன்னும் எழுத்து தெரிகிறதென்றால் செல்லைத் தொடாதீர்கள். முதலில் கைபேசியை எடுத்து, ஒவ்வொரு பெயராக நகர்த்தி ஒவ்வொரு திரையையும் படம் பிடியுங்கள். மங்கலாக இருந்தால் ஒளிமாறுபாட்டைக் கூட்டி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் படிக்க இன்னொருவர் எழுதினால் வேகமாக முடியும்.

எல்லாம் எடுத்த பிறகே பின்மூடியைத் திறங்கள். எந்தச் செல் கருவிக்கு, எந்தச் செல் நினைவகத்துக்கு என்று பெரும்பாலும் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். கருவிக்கான செல்லை மட்டும் முதலில் மாற்றி, மூடியைத் திருகி, இயக்கிப் பாருங்கள். பெயர்கள் அப்படியே இருந்தால் மறுநாள் மற்றதை மாற்றுங்கள்.